சாட்டின், பட்டு, லேஸ் இரவு உடை: தேர்ந்தெடுப்பது முதல் துவைத்து மடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

இரவு உடை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. அடுத்து லேஸ், அடுத்து விலை. என்ன துணி, எப்படி வெட்டியிருக்கிறார்கள், தையல் எப்படி என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து ஒருமுறை துவைத்த பிறகுதான் கண்ணில் படும். கடையில் ஜொலித்த ஸ்லிப், இடுப்போரம் நெசவு விலகி, ஸ்ட்ராப் தொய்ந்து, பளபளப்பு மங்கிப் போவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம். துணி முதலில், வெட்டு அடுத்து, பிறகு அளவு, அலங்காரம் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பேசப்போவது பகலிலும் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் காட்டன் நைட்டியைப் பற்றி அல்ல. மெல்லிய ஸ்ட்ராப் வைத்து நேராக இறங்கும் ஸ்லிப், மார்புக்குக் கீழே தையல் போட்டு அங்கிருந்து விரியும் பேபிடால், ஸ்ட்ராப் வைத்த குட்டை மேலாடையான கேமிசோலும் ஷார்ட்ஸும் சேர்ந்த செட், இவற்றின் மேலே போடும் ரோப் ஆகிய நான்கையும் பற்றி. முதன்முறை வாங்குகிறவர்கள் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் ஸ்லிப்பும் அதே துணியில் ஒரு ரோப்பும் எடுத்தால் போதும். படுக்கையறையில் ஸ்லிப், வெளியே வரும்போது மேலே ரோப் என்று இரண்டுக்கும் ஆகும்.

துணியைப் படிப்பது

கடைக்காரர் “சாட்டின்மா” என்று சொன்னால் பாதி விவரம்தான் சொல்லியிருக்கிறார். அது நெசவு முறை. பட்டு, பாலியெஸ்டர், விஸ்கோஸ் (மரக்கூழில் செய்யும் நூல்), நைலான் எதையும் அந்த முறையில் நெய்யலாம். ஒவ்வொரு பாவு நூலும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஊடை நூல்களின் மேலே மிதந்து, ஒன்றின் கீழே மட்டும் நுழையும். அப்படி மிதக்கும் நூல்மேல் வெளிச்சம் படுவதால்தான் பளபளப்பு. எதிலாவது மாட்டினால் உடனே இழுபடுவதும் அதே மிதக்கும் நூல்தான். பளபளப்பு கூடக்கூட இழுபடும் ஆபத்தும் கூடும்.

எந்த நூல் என்று தெரிந்துகொள்ள உள்பக்க லேபிளைப் பாருங்கள். “சில்க் சாட்டின்”, “சாட்டின் சில்க்”, “ஆர்ட் சில்க்” என்று அட்டையில் போட்டிருந்தும் லேபிளில் பாலியெஸ்டர் 100 சதவீதம் என்றிருந்தால் அது பாலியெஸ்டர்தான். உண்மையான பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004ல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணியிலிருந்து இரண்டு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுங்கும் கரியாக நிற்கும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகிவிடும். சூடு ஆறும்வரை அதைத் தொடக்கூடாது.

நம் ஊர் வெக்கைக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். பட்டு சுமார் 11, விஸ்கோஸ் 12, 13 வரை போகும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் மின்விசிறி மட்டும் இருக்கும் அறையில் பாலியெஸ்டர் சாட்டின் முதுகில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஏசி அறைக்கும் ஊட்டிக் குளிருக்கும் அது குறையில்லாத துணி. சுருங்காது, சாயம் எளிதில் போகாது, விலையும் கைக்கு அடக்கம். மின்விசிறிதான் என்றால் விஸ்கோஸ் சாட்டின், மோடால் (விஸ்கோஸ் வகையிலேயே பலம் கூடியது), மெல்லிய மல்மல் காட்டன், கையில் காசிருந்தால் பட்டு என்று போங்கள்.

பட்டின் கனத்தை மோமி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மோமி என்பது சதுர மீட்டருக்கு 4.34 கிராம். 12 மோமி என்றால் ஏறக்குறைய 52 கிராம்தான். உள்ளே இருப்பது தெரியும், தையலோரம் சீக்கிரம் கிழியும். தினசரி உடுத்த 16 முதல் 19 மோமி சரியாக இருக்கும். 22 மோமி கனமாக, அழகாக விழும், ஆனால் வெயில் காலத்துக்குக் கொஞ்சம் அதிகம். பட்டிலேயே ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் ஷார்மூஸ் வகையும், இருபக்கமும் மங்கலாகவே இருக்கும் கிரேப் வகையும் உண்டு. வயிறு, இடுப்பு மடிப்புகள் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பவர்களுக்குக் கிரேப் நல்லது. பளபளப்பான துணி மேடான இடத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து அதை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

விஸ்கோஸ் நனைந்தால் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். காய்ந்ததும் பலம் திரும்பிவிடும், ஆனால் ஈரத்தில் முறுக்கிப் பிழிந்தால் சேதம் அங்கேயே முடிந்தது. முதல் துவையலில் சுருங்கவும் செய்யும், ஆகவே நீளத்தில் ஓர் அங்குலம் கூடவே எடுங்கள். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். அதற்கும் இதே விதி. மோடாலுக்கு ஈரத்தில் பலம் கூடுதல். திருப்பூரில் தைத்து வரும் மோடால் அல்லது காட்டன் பின்னல் துணியில் 5 சதவீதம் எலாஸ்டேன் (நீண்டு திரும்பும் நூல்) கலந்ததைப் பார்த்து எடுத்தால், சாட்டின் அளவு மின்னாவிட்டாலும் உடம்போடு இதமாக இழைந்து நிற்கும். புரண்டு படுக்கிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான்.

லேஸை முழங்கையின் உள்மடிப்பில் பத்து முறை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த உடையைத் தூக்கம் வராமல் கழற்றிப் போடத்தான் போகிறீர்கள். உள்ளங்கையைவிட அந்த இடத்துத் தோல் மென்மையானது, மார்புப் பகுதியின் தோலும் அப்படித்தான். லேஸின் ஓரம் வெட்டி ஓவர்லாக் மட்டும் அடித்திருந்தால் குத்தும். மெல்லிய வலைத்துணி உள்ளே கொடுத்திருந்தால் குத்தாது.

வெட்டும் தையலும்

துணியை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவதைத் தையல்காரர்கள் கிராஸ் கட் என்பார்கள். ரவிக்கையில் பார்த்திருப்பீர்கள். 1920களில் பாரிசில் மாதலேன் வியோனே என்ற வடிவமைப்பாளர் முழு உடையையும் இப்படி வெட்டிப் பெயர் பெற்றார். நீளாத துணிகூடச் சாய்த்து வெட்டினால் சற்று இளகி உடம்பின் வளைவைத் தொடர்ந்து இறங்கும். நல்ல ஸ்லிப்புகள் பெரும்பாலும் இந்த வெட்டில்தான் வரும். கண்டுபிடிப்பது சுலபம்: முன்பக்கத் துணியை மேலும் கீழுமாகப் பிடித்து மெல்ல இழுங்கள். பாலியெஸ்டர் சாட்டினாக இருந்தும் ரப்பர்போலச் சற்று நீண்டு திரும்பினால் கிராஸ் கட். அதற்குத் துணி அதிகம் பிடிக்கும், விலையும் ஏறும். ஆனால் இடுப்பில் பிடித்து வயிற்றில் தூக்காமல் இருப்பது இந்த வெட்டால்தான்.

அடுத்தது தையல் சோதனை. இடுப்புக்கு நேரே உள்ள பக்கத் தையலின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மிதமாக இழுத்துப் பாருங்கள். தையல் ஓரமாக ஏணிப்படிபோல் நெசவு விலகி வெளிச்சம் தெரிந்தால் வாங்காதீர்கள். வழுக்கும் நூலில் தளர்வாக நெய்த துணிக்கு வரும் நோய் அது. உட்காரும்போது இடுப்பு விரிய, நூல்கள் தையலை விட்டு நழுவிவிடும். உள்ளே விட்டிருக்கும் துணி குறைந்தது 1 செ.மீ. இருக்க வேண்டும். துணியின் வெட்டு ஓரம் வெளியே தெரியாமல் இரண்டுமுறை மடித்து அடித்த தையலாக இருந்தால் மிகவும் நல்லது. ஸ்ட்ராப் சேரும் இடத்தில் குறுக்கே நெருக்கமாக டேக் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள், முதலில் பிய்வது அங்கேதான். ஸ்ட்ராப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் பிளாஸ்டிக்கானால் நழுவும், ஸ்ட்ராப் ராத்திரியில் தோளை விட்டு இறங்கும். உலோக ஸ்லைடர் பிடித்து நிற்கும், ஆனால் கவரிங் நகைக்கு அரிப்பு வருகிறவர்களுக்கு அந்த உலோகமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

உடல்வாகுக்கு எது

பேபிடாலின் அழகு மார்புக்குக் கீழே வரும் தையலில் இருக்கிறது. அது சரியாக மார்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் மேலேறி மார்பின்மேல் கிடந்தால், துணி அங்கிருந்து கூடாரம் கட்டி விரிந்து, ஒல்லியானவர்களுக்கும் கர்ப்ப வயிறு வந்ததுபோல் காட்டும். தோளின் உச்சியிலிருந்து மார்பின் அடிவரை அளந்து, உடையின் அதே இடத்து அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு ஆயத்த உடையில் இந்த ஒரு அளவுதான் பெரும்பாலும் தவறிப்போகும்.

அவர்களுக்கு ஸ்ட்ராப் குறைந்தது 1.2 செ.மீ. அகலம் வேண்டும். பக்கவாட்டில் டாட் (துணியைக் கூம்பாக மடித்து அடிக்கும் தையல்) பிடித்திருக்க வேண்டும். நூல் மாதிரி மெல்லிய ஸ்ட்ராப் தோளில் பள்ளம் போட்டுவிடும். தூங்குவதற்கான உடையில் கம்பி வைத்த கப் எங்களுக்கு உடன்பாடில்லை. அகலமான அடிப்பட்டை வைத்த பின்னல் துணியே நன்றாகத் தாங்கும். மார்பு சிறியவர்களுக்குக் கழுத்தில் துணி மடிந்து தொங்கும் கவுல் கழுத்து, சுருக்கம் வைத்த கப் இரண்டும் பொருந்தும். பிரசவமாகி வயிறு தளர்ந்திருப்பவர்களுக்கு மங்கலான துணியில் கீழே போகப்போக விரியும் ஏ-லைன் வெட்டு, பால் கொடுக்கிறவர்களானால் முன்னே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கட்டும் மாடல்.

நீளத்துக்கு எளிய வழி, தொடையின் அல்லது கெண்டைக்காலின் மிக அகலமான இடத்தில் விளிம்பு நிற்காமல் பார்த்துக்கொள்வது. சுமார் 155 செ.மீ. உயரமானவருக்குத் தோளிலிருந்து 80 முதல் 85 செ.மீ. நீளம் முழங்காலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அதே ஸ்லிப்பை 95 செ.மீ.யில் எடுத்தால் முழங்காலைத் தாண்டி, கால் குட்டையாகத் தெரியும்.

நிறத்தில் கடைக்காரர் எடுத்துப் போடும் வெளிர் ரோஸையும் தூய வெள்ளையையும் தாண்டிப் பாருங்கள். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, கடுகு மஞ்சள் எல்லாம் சாட்டினில் எடுப்பாக இருக்கும். வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் சந்தன நிறம், வெங்காயத்தோல் நிறம். வெளிர் நிறத்தில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் பளிச்சென்று தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அளவு எடுக்கும் முறை

எஸ், எம், எல் எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எல், இன்னொன்றின் எம். ஃப்ரீ சைஸ் என்பது சாட்டினில் யாருக்கும் சரியாகப் பொருந்தாத சைஸ். மெல்லிய உள்ளாடையோடு நின்று, இஞ்ச் டேப்பை இறுக்காமல் மார்பின் எடுப்பான இடம், மார்புக்குக் கீழே, இடுப்பு, பின்புறம் அகலமான இடம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி அளவை மறுபடி எடுங்கள். நின்றதைவிட ஓரிரண்டு அங்குலம் கூடியிருக்கும். சாட்டின் இரவு உடைக்கு உட்கார்ந்து எடுத்த அளவுதான் அளவு.

நீளாத துணி, நேர் வெட்டு என்றால் மார்பளவோடு 3 முதல் 4 அங்குலமும், உட்கார்ந்து எடுத்த பின்புற அளவோடு 2 அங்குலமும் கூட்டுங்கள். கிராஸ் கட்டுக்கு மார்பில் 1 முதல் 2 அங்குலம் போதும். எலாஸ்டேன் கலந்த பின்னல் துணியில் உடம்பளவே போதும், சற்றுத் தளர்வு பிடிக்கும் என்றால் 1 அங்குலம். உதாரணமாக மார்பு 38, நின்றபடி பின்புறம் 42, உட்கார்ந்தால் 44 என்று வைத்துக்கொள்வோம். நேர் வெட்டு சாட்டின் ஸ்லிப் மார்பில் 41 அல்லது 42, பின்புறத்தில் 46 இருக்க வேண்டும். உடையை மேசைமேல் விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் மார்பளவு கிடைத்துவிடும். இணையத்தில் வாங்கும்போது உடம்பு அளவுப் பட்டியலா, உடையின் அளவுப் பட்டியலா என்று பாருங்கள். இரண்டும் வேறு, குழப்பிக்கொண்டால் ஒரு சைஸ் தவறிவிடும். இந்த வகை உடைகளைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை, பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது அட்டையை அறுக்காமல், உள்ளாடைக்கு மேலேயே போட்டு இரு கையையும் தூக்குங்கள், உட்காருங்கள், வீட்டிலானால் ஒருக்களித்துப் படுத்து இருபுறமும் புரண்டு பாருங்கள். கை தூக்கும்போது மார்புக்குக் கீழே உள்ள தையல் மார்பின்மேல் ஏறினாலும், புரளும்போது துணி தொடையைச் சுற்றி முறுக்கினாலும் அது நின்று பார்க்க மட்டுமே ஆன உடை.

மனைவிக்குத் தெரியாமல் பரிசாக வாங்க நினைக்கும் கணவர்கள் அவர் விரும்பி அணியும் ஓர் உடையை விரித்து வைத்து அதன் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். அதிலும் தயக்கமானால் ரோப் வாங்குங்கள், கயிறு கட்டும் மாடலில் அளவு ஓரிரண்டு அங்குலம் முன்பின் இருந்தாலும் தெரியாது. அவர் இதுவரை அணிந்த பாணியிலிருந்து ரொம்பத் தள்ளிப் போய்விடாமல் எடுத்தால்தான் அது பீரோவில் தூங்காமல் உடம்பில் இருக்கும்.

துவைப்பது

பட்டுப்புடவையை ஆண்டுக்கு ஒருமுறை டிரை கிளீனிங் கொடுக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. புடவை சில மணி நேரம் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் மேலே இருக்கிறது. ஸ்லிப் எட்டு மணி நேரம் வெறும் தோலில் கிடந்து வியர்வையும் உடம்பெண்ணெயும் குடிக்கிறது. வியர்வையை அப்படியே விட்டால் பட்டு மஞ்சளாகி நைந்துபோகும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு இரவுக்கு ஒருமுறை, ஏசி அறையில் மூன்று இரவுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். “டிரை கிளீன் மட்டும்” என்று லேபிள் சொன்னால் அதன்படியே நடங்கள்.

புது உடையை உடுத்தும் முன்பே ஒருமுறை அலசிவிடுங்கள். அதற்கும் முன்னே, நனைத்த வெள்ளைத் துணியை உள்தையல் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாயம் ஏறினால் அதை என்றைக்குமே தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

1. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையில் பிடியுங்கள் அல்லது வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.
2. வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. முதலில் சோப்பைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் துணி. சாதாரணச் சலவைத்தூள் காரம் மிகுந்தது. பல தூள்களில் புரதக் கறையைத் தின்னும் நொதி கலந்திருக்கும். பட்டும் புரதம்தான் என்பதால் அது பட்டையும் தின்னும்.
3. உடையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, ஹூக்குகளை மாட்டிவிட்டு 5 நிமிடம் ஊறவிடுங்கள். பட்டை 10 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம்.
4. இரண்டு நிமிடம் தண்ணீருக்குள் மெல்ல அலசுங்கள். கசக்காதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் கிட்டவே வரக்கூடாது. அக்குளிலும் கழுத்தோரத்திலும் மட்டும் விரல் நுனியால் சோப்புத் தண்ணீரை அழுத்தி விடுங்கள்.
5. சோப்பு போகும்வரை இரண்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். பட்டுக்குக் கடைசித் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். உப்புத் தண்ணீரில் சோப்பு சேர்ந்தால் வெள்ளைப் படிவு துணியில் நின்று பளபளப்பை மறைக்கும். வினிகர் அதைக் கரைக்கும். காய்ந்ததும் வாடை போய்விடும்.
6. முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தண்ணீரை விடுங்கள். பிறகு உலர்ந்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் மீதி ஈரமும் இறங்கிவிடும்.

பூந்திக்கொட்டை பட்டுக்கு அருமையான சோப்பு. கொட்டை நீக்கிய தோல் 8 அல்லது 10 எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, அதில் பாதியை 5 லிட்டரில் கலந்துகொள்ளுங்கள். பழுப்புச் சாயல் ஏறும் என்பதால் வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் வேண்டாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

பாலியெஸ்டர், மோடால் உடைகளை வலைப்பையில் போட்டு மெஷினில் மென்மையான சுழற்சியில் துவைக்கலாம். சுழல்வேகம் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் போகக்கூடாது. ஜீன்ஸ், ஜிப் வைத்த துணி, ஹூக் வைத்த பிரா எதுவும் கூட வேண்டாம். ஃபேப்ரிக் கண்டிஷனர் பின்னல் துணிமேல் ஒரு பூச்சாகப் படிந்து, வியர்வை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், தவிர்த்துவிடுங்கள். குளோரின் ப்ளீச் பட்டையும் எலாஸ்டிக்கையும் அழித்துவிடும். லேபிளில் முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி போட்டிருப்பது அதைத்தான் சொல்கிறது.

கறைகள்

தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய்தான் நம் வீடுகளில் முதல் எதிரி. எண்ணெய் பட்ட இடத்தை நனைக்காமல் டால்கம் பவுடரைத் தாராளமாகக் கொட்டி அரைமணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. பிறகு ஒரு சொட்டுத் திரவ சோப்பை உள்பக்கமாகத் தடவி வழக்கம்போல் துவையுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கறை பரவும், துணியும் அந்த இடத்தில் வெளுத்துப்போகும்.

மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். அது காரத்தால் வரும் நிறமாற்றம். சோப்பை நன்றாக அலசிவிட்டு, பாலியெஸ்டர் அல்லது காட்டனானால் இரண்டு, மூன்று நாள் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் மங்கிவிடும். பட்டை வெயிலில் போடக்கூடாது என்பதால் அதைக் கடையில் கொடுப்பதுதான் வழி. மாதவிடாய்க் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், அதுவும் உடனே. வெந்நீர் பட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிவிடும். சென்ட், பாடி ஸ்பிரே எதையும் பட்டுமேல் அடிக்காதீர்கள். தோலில் அடித்து, உலர்ந்த பிறகு உடுத்துங்கள்.

இழுபட்ட நூலைச் சரிசெய்வது

மெட்டி, கொலுசின் கொக்கி, தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்கு, வெடித்த குதிகால் இவை நான்கும்தான் சாட்டினின் மிதக்கும் நூலைக் கொத்துபவை. ஊக்கை இரவில் கழற்றி வைத்துவிடுங்கள், குதிகாலுக்கு ஏதாவது தடவுங்கள். மெட்டியை விரலோடு அழுத்தி, வளையத்தின் இரு முனைகளும் உள்பக்கமாக வருமாறு திருப்பி விட்டால் மாட்டாது.

இதையும் மீறி நூல் வெளியே வளையமாக நின்றால் கத்தரியைத் தொடாதீர்கள். அறுத்தால் அது ஓட்டையாகும். உடையை மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, நூல் இழுபட்டுச் சுருங்கிய கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் கோட்டின் நெடுகிலும் இருபுறத் துணியை விரல் நுனியால் மெல்ல இழுத்து இழுத்துவிட்டால் வளையத்தின் ஒரு பகுதி தானாகவே உள்ளே போய்விடும். மீதிக்கு மிக மெல்லிய ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். வளையம் புறப்படும் அதே துளையில் ஊசியை மேலிருந்து கீழே இறக்கி, வளையத்தை நூலால் அணைத்து உள்பக்கம் இழுத்துவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நிற்கும் வளையத்தை அப்படியே விடலாம்.

இடுப்போரம் நெசவு விலக ஆரம்பித்துவிட்டால், துவைப்பதற்கு முன்பே தையல்காரரிடம் கொடுத்து, உள்ளே மெல்லிய ஒட்டுத்துணி வைத்து அரை செ.மீ. உள்ளே தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். அளவு சற்றுத் தளர்வாக வாங்கியிருந்தால் மட்டுமே இது சாத்தியம்.

காயவைப்பது, இஸ்திரி, பீரோ

ஸ்ட்ராப்பில் தொங்கவிடாதீர்கள். தண்ணீர் கனத்தில் அது நீண்டுவிடும். கிராஸ் கட் உடையை ஈரத்தோடு ஹேங்கரில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் இறங்கி விளிம்பு கோணலாகும். நிழலில் கொடிமேல் துண்டு போட்டு, அதன்மேல் இடுப்பு மட்டத்தில் மடித்துப் போடுங்கள். கிளிப் லேஸில் பட்டால் தழும்பு விழும்.

இஸ்திரியில் ஒரு புள்ளி என்பது 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. நைலான் லேஸுக்கு ஒரு புள்ளிக்கு மேல் போகவே கூடாது. சாட்டினை உள்பக்கமாக, லேசான ஈரத்தோடு, ஒரு புள்ளியில் தொடங்குங்கள். பட்டுமேல் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாக வட்டம் நிற்கும். ஆகவே முழுதாகக் காய்வதற்கு முன்னே தேய்த்துவிடுங்கள். லேஸுக்குக் கீழே மடித்த துண்டு வைத்து, மேலே மெல்லிய காட்டன் துணி போட்டு, நகர்த்தாமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டிச் சூட்டுக்கு இந்தத் துணி எதுவும் தாங்காது.

நீண்ட நாள் வைப்பதானால் துவைத்து, கஞ்சி போடாமல், பழைய காட்டன் தலையணை உறையில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூஞ்சை பிடிக்கவைக்கும். அந்துருண்டை துணியில் படக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைப் போட்டு வைத்த உடையைக் காற்றாடவிட்டு, துவைக்காமல் உடுத்தவே வேண்டாம். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்த கையோடு காபி போட இந்த உடையிலேயே அடுப்படிக்குப் போகாதீர்கள். ரோப்பின் தொங்கும் கைகளும் இடுப்புக் கயிறும் காஸ் தீயில் சட்டென்று பிடிக்கும். பாலியெஸ்டரும் நைலானும் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய விஸ்கோஸும் காட்டனும் உருகாது, ஆனால் நொடியில் பற்றும். கதவுக்குப் பின்னால் ஒரு காட்டன் நைட்டியை மாட்டி வைத்து, மாற்றிக்கொண்டு போங்கள்.

எலாஸ்டிக் அலை அலையாக நின்று திரும்பவில்லை என்றால், அதை மட்டும் தையல்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். பட்டு மடிப்போரத்தில் கீறலாக வெடிக்க ஆரம்பித்தால் இனி தைத்துப் பயனில்லை. உலோக ஸ்லைடர்களையும் நல்ல நிலையில் உள்ள லேஸையும் பிரித்து எடுத்து அடுத்த உடையின் பழுதுக்கு வையுங்கள். துணியில் நையாத பகுதி இருந்தால் அதை வெட்டி எடுங்கள். அதில் தலையணை உறையோ முடி கட்டும் பட்டையோ தைத்துக்கொள்ளலாம்.